தேநீர்க் கறை படியாத படம்

1985, ஒரு வியாழன், காலை 9.50. வினிபெக் நகரின் வடபகுதியில், எங்கள் உக்ரேனியத் தேவாலயத்தின் அடித்தளத்தில், அறுபது வருஷத்துப் புகைப்படங்கள் இருந்த பெட்டிக்குள் ஒரு குவளை எலுமிச்சைத் தேநீரைக் கொட்டினேன். கொட்டியவர் யார் என்று துப்பறியத் தேவையில்லை. குவளையில் 'ஓரெஸ்த்' என்று என் பெயரே எழுதியிருந்தது.

படங்கள் நிமிர்த்தி அடுக்கப்பட்டிருந்தன. நாற்பத்தொன்றின் கீழ்விளிம்பிலும் ஒரு விரல் அளவுக்குப் பழுப்புக் கறை. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு என்ன வைத்தியம் தோன்றும்? தட்டு கழுவுவதுபோல எல்லாவற்றையும் குழாயில் அலசினேன். கறை போகவில்லை. பின்பக்கத்தில் பெயர்கள் எழுதிய மைதான் கரையத் தொடங்கியது.

10.20. சமையலறை மேசையில் வெள்ளைத் துணிகளை விரித்துப் படங்களை முகம் மேலே தெரிய வரிசையாகக் காயவைத்தேன். பக்கத்து மேசையில் ஆறு பெண்கள் வியாழக்கிழமை விற்பனைக்கு உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். எல்லாருடைய மடிப்பும் வலப்பக்கம் சாயும். எவ்டோகாவின் மடிப்பு மட்டும் இடப்பக்கம். அவள் செய்ததைத் தேடி வாங்குபவர்களில் நானும் ஒருவன்.

1.40. படங்களை எண்ணினேன். நாற்பத்தொன்று. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

"எண்ணிக்கை சரிதான். ஆனா ஒண்ணு மட்டும் குளிச்சிட்டு வந்தாப்பல இருக்கே" என்றாள் பக்கத்து மேசையிலிருந்து எட்டிப்பார்த்த டோஸ்யா. தபால் நிலையத்தில் முப்பது வருஷம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கியவள். ஒட்டிய உறையைப் பார்த்தே உள்ளே அழுகையா கல்யாணமா என்று சொல்லிவிடுவாள்.

1929-இன் சாவுப் படம் அது. தேவாலய வாசலில் திறந்த சவப்பெட்டி, சுற்றிலும் கையில் மெழுகுவத்தியோடு பதினான்கு பேர். கறையே இல்லை. நடுவில் ஒரு மடிப்புக்கோடு. அற்புதம் நடந்திருக்கிறது என்று நான் சிலுவை போட்டுக்கொள்ளப் போனேன்.

"மாத்தி வச்சிருக்காங்க, மடையா" என்றாள் டோஸ்யா.

வாசலில் நின்ற செயலாளர் யாரொஸ்லாவ் காதில் அது விழுந்துவிட்டது. பெட்டியை நகராட்சிக் காப்பகத்துக்கு அனுப்ப அவர் இரண்டு வருஷமாகச் சாக்குத் தேடுகிறார். ஞாயிறன்று இந்தப் படங்களின் கண்காட்சி. நான்கு மணிக்குள் யார் மாற்றியது என்று தெரியவேண்டும், இல்லையென்றால் பட அறையின் சாவியை வைத்துவிட்டுப் போகலாம் என்றார். என் மனைவி போன பிறகு, வாரத்தில் ஐந்து நாள் நான் போவதற்கென்று இருப்பது அந்தப் பெட்டி இருக்கும் அறை ஒன்றுதான்.

என் சந்தேகம் நேரே அவர்மேல்தான் விழுந்தது. சவப்பெட்டியில் இருப்பது அவருடைய பாட்டி. மதியம் பன்னிரண்டுக்கு ருசி பார்க்கிறேன் என்று சமையலறைக்கு வந்தவரும் அவரே. எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். இருக்கவேண்டிய இடத்தில் என்றார். பெண்களைக் கேட்டேன். ஒருத்தி கூரையைப் பார்த்தாள், ஒருத்தி என் காலணியைப் பார்த்தாள். மதியம் தெருவுக்கு எதிரே இருக்கும் தன் வீட்டுக்கு ஓடிப் போய்வந்த எவ்டோகா, இஸ்திரிப் பெட்டியை அணைக்கப் போனதாகச் சொல்லிவிட்டு, "மீதியை மாவுகிட்ட கேளு" என்றாள். மாவும் பதில் சொல்லவில்லை.

2.50. டோஸ்யா என் சந்தேகத்தை ஒரே ஊதலில் அணைத்தாள். சாவுப் படத்தின் பிரதி, சவப்பெட்டியைச் சுற்றி நின்றவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். யாரொஸ்லாவ் வீட்டுப் பிரதி கூடத்தில் சட்டத்துக்குள் தொங்குகிறது, மடிப்பே இல்லாமல். இதுவோ, ஜெபப் புத்தகத்துக்குள் மடித்து வைத்த படம்.

"நல்ல படத்தைக் குடுத்துட்டு கறை படிஞ்சதை எவனாவது எடுப்பானா? முன்பக்கம் ரெண்டும் ஒண்ணுதான். அப்ப ஒளிச்சது பின்பக்கத்தை."

படத்தைத் தூக்கிக் கீழே இருந்த துணியைக் காட்டினாள். நான் அலசிய அலசலில் கரைந்த பழைய படத்தின் மை, துணியில் தலைகீழாக ஒட்டியிருந்தது. கைகழுவும் இடத்துக் கண்ணாடி முன்னால் பிடித்தோம். பதின்மூன்று பெயர்கள். பதினான்காவதாக, 'தலைமாட்டில்: வேலைக்காரப் பெண், பெயர் தெரியாது.'

கண்காட்சிக் குறிப்புகளைப் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் தட்டச்சு செய்யப்போகிறேன் என்று காலையில் சமையலறை முழுக்கப் பெருமையடித்தவன் நான்.

"பேர் இருக்கிற பதிமூணு பேருக்கும் இதை ஒளிக்க வேண்டிய வேலையே இல்ல. இப்பப் படத்தைப் பாரு" என்றாள் டோஸ்யா.

எல்லாரும் மெழுகுவத்தியை வலது கையில் பிடித்திருந்தார்கள். தலைமாட்டில் நின்ற பதினான்கு வயதுப் பெண் மட்டும் இடது கையில். நான் நிமிர்ந்து பக்கத்து மேசையைப் பார்த்தேன். இடப்பக்கம் சாய்ந்த மடிப்புகள் ஒரு தட்டு நிறைய இருந்தன. எவ்டோகாவின் விரல்கள் நின்றுபோயிருந்தன.

4.00. யாரொஸ்லாவ் கடிகாரத்தோடு வந்தார். யார் என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிச் சாவியை மேசையில் வைத்தேன். முப்பது வருஷத்தில் ஒரு தரம்கூட நிறுத்தம் தவறி நிறுத்தாதவன். அன்றைக்கு வேண்டுமென்றே ஒன்றைத் தவறவிட்டேன். டோஸ்யா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

எவ்டோகா கையைத் துடைத்தாள். ஏப்ரன் பையிலிருந்து ஈரம் காயாத படத்தை எடுத்துச் சாவியின் பக்கத்தில் வைத்தாள்.

யாரொஸ்லாவ் படத்தைப் புரட்டிப் படித்தார். படம் எடுத்தபோது அவருக்கு மூன்று வயது. பிறகு எவ்டோகாவின் முகத்தைப் பார்த்தார். சாவியை என் பக்கம் தள்ளியது அவர் விரல்தான் என்று நினைக்கிறேன். டோஸ்யாவாகவும் இருக்கலாம்.

எனக்கு அவளிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தக் கடைசி வரியில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். மறுபடியும் மாவைக் கைகாட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"எவ்டோகா மெல்னிக்குன்னு எழுது, ஓரெஸ்த். வேலைக்காரின்னும் எழுது, அது பொய்யில்ல. ரெண்டு வருஷம் அந்தம்மாவைக் குளிப்பாட்டினது நான், கண்ணை மூடினது நான். என் பேரு தெரியாம அவங்க சாகல."