வடக்குச் சுவரில் ஒரு சந்து

மழை இறங்குவதற்குள் மீரானைக் கண்டுபிடித்தாக வேண்டும். சந்தனக்கூடு விழாவுக்காகக் குகைத் தர்காவைக் கழுவிவிடக் காலையில் மலையேறியவன், பொழுது சாய்ந்தும் இறங்கவில்லை. தங்கை சபுராவும் அவன் கூட்டாளி மாயழகுவும் டார்ச்சும் கயிறுமாகப் புறப்பட்டார்கள். மழை பிடித்தால் குகையின் அடிப்பக்கம் தண்ணீர் நிறைந்துவிடும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் குகையில் ஆதியில் சமணத் துறவிகள் கல்லிலே படுக்கை வெட்டிப் படுத்தார்கள். பின்னால் வந்தவர்கள் கிழக்குச் சுவரைக் குடைந்து லிங்கம் வைத்தார்கள். அதற்கும் பின்னால் வந்த அவுலியா என்னும் இறைநேசர் ஒருவர் மேற்கு மூலையில் அடங்கியிருக்கிறார். முன்னவர் வைத்ததை யாரும் பெயர்க்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் பாசிச் சுவரில் பட்டு டார்ச் வெளிச்சம் பச்சையாகிவிட்டது. நடக்கிறோமா, மிதக்கிறோமா என்றிருந்தது சபுராவுக்கு. அண்ணனைக் கூப்பிட்டாள். அவள் குரலே நாலாபக்கமிருந்தும் மெல்லத் திரும்பி வந்தது.

"கத்தாத புள்ள, செருப்பத் தேடு," என்றான் மாயழகு. "சாமி வாசல்னாலும் தர்கா வாசல்னாலும் கழட்டிப் போட்டுட்டுத்தான் போவான் உங்கண்ணன்."

இரண்டு வாசலிலும் செருப்பு இல்லை. ஆள் குகைக்கே வரவில்லை என்று முடிவுகட்டி மாயழகு வெளியே போகத் திரும்பினான். வெளியே தூறல் விழத் தொடங்கியது. சபுரா மட்டும் கற்படுக்கைகளைத் தாண்டி டார்ச்சை நீட்டினாள். வடக்குச் சுவரில் ஓர் ஆள் நுழையும் சந்து. அதன் முன்னால் அண்ணனின் செருப்பு.

வெறும் பாறைக்கு அவன் செருப்பைக் கழற்றியிருக்க மாட்டான். அவளும் கழற்றிவிட்டு நுழைந்தாள்.

உள்ளே அசையாத நீர். எதிர்ப்பாறையில் கண்மூடி அமர்ந்த ஒரு கல் உருவம். நீருக்குள்ளும் அதே உருவம் தலைகீழாக அமர்ந்திருந்தது. கல் உருவத்தின் காலடியில், கல்லிடுக்கில் கால் சிக்கி, இடுப்பளவு நீரில், கத்திக் கத்திக் குரல் கம்மிப்போன மீரான்! வெளியே தூறல் பெருமழையாகி, பாறை வழியே கசிந்து, பார்க்கப் பார்க்க நீர் ஏறியது.

"தர்காவக் கழுவச் சொன்னா, இங்க குளிச்சுக்கிட்டிருக்கியாடா?" சபுராவின் கூச்சல் கேட்டு ஓடிவந்த மாயழகு மீரானின் கைக்குக் கயிற்றை வீசினான். சபுரா மூழ்கிக் கல்லைப் புரட்ட, அவன் கயிற்றை இழுத்தான். நீர் கழுத்தைத் தொடும்போது கால் விடுபட்டது.

கரையில் மூச்சு வாங்கியபடி, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்துதான் செருப்பைக் கழற்றினாயா என்று கேட்டாள் சபுரா.

"தெரியாது. யாரோ உக்காந்திருந்தாப்ல தெரிஞ்சது. யாரு வீடா இருந்தா என்ன?"

இருவரும் அவனைத் தாங்கி இறங்கினார்கள். அடிவாரத்தில் கூடியிருந்த ஊர் ஓடிவந்து அவனைத் தோளில் வாங்கிக்கொண்டது. மழை விட்டு நீர் வடிந்ததும் லிங்கத்துக்குப் பூசை செய்யும் குருக்களும் தர்காவில் ஓதும் லெப்பையும் சேர்ந்தே மலையேறினார்கள். அந்த உருவத்தின் முன்னால் என்ன சொல்லி வணங்குவதென்று இருவருக்கும் தெரியவில்லை. சந்துக்கு வெளியே இருவரின் செருப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.