நாற்பது துண்டு நிலமும் ஒரு மண்டையும்

"ஐயோ... சேதுவக் கொன்னுட்டாங்க!"

பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் போட்ட சத்தத்தில் எங்கோ தூரத்துச் சுங்கை பெசார் மார்க்கெட்டில் செத்த மீன்கூட எழுந்து உட்கார்ந்திருக்கும்!

தோட்டத்தில் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்த புஷ்பவள்ளி ஓடினாள்.

மரவள்ளிக் காட்டோரம். வாய்க்காலில் சேது. மண்டையில் தேங்காய் அளவு வீக்கம்... ரத்தம்...

பிணம் இருமியது.

"அண்ணே, உசிரு இருக்கா?"

"உசிரு இருக்கு புஷ்பா. படம்தான் போச்சு."

அவள் வாய்க்காலில் துழாவினாள். நிலப்படத்தைக் காணோம்!

தோட்டம் கைமாறப் போகிறது. லயத்து வரிசை வீடுகளில் உள்ள நாற்பது தொழிலாளர் குடும்பங்கள் முப்பது வருஷமாகப் பயிர் செய்யும் துண்டு நிலங்களுக்கு ஒரு தாள் கிடையாது. சர்வேயர் வைக்க வசதியும் கிடையாது. முடிச்சுப் போட்ட மீன்பிடிக் கயிறு, டிராயிங் தாள், மைப்பெட்டி... இவ்வளவுதான் செலவு! அவளும் சேதுவுமாக அளந்து, எல்லாத் துண்டுக்கும் சேர்த்து ஒரே படம் வரைந்தார்கள். உரியவர் எல்லையை நடந்து காட்ட வேண்டும். நாலு பக்கத்துத் துண்டுக்காரர்களும் தலையாட்ட வேண்டும். பிறகுதான் ஐந்து பெருவிரலும் தாளில் விழும், உரியவருடையது அவர் பெயருக்குப் பக்கத்தில். ஒரே ஒரு வாழைக்கன்றுக்காக ஐந்து நாள் உலகப்போர் நடந்தது!

இன்று பத்து மணிக்கு கோலசிலாங்கூர் நில அலுவலகத்தில் விசாரணை. படம் இல்லையென்றால் நாற்பது குடும்பமும் வெறுங்கை.

"யாரு அடிச்சா?"

"மண்டைக்குப் பின்னால எனக்குக் கண்ணா இருக்கு?"

"வாங்க, ஆஸ்பத்திரிக்கு."

"மொதல்ல அதிகாரி துவானப் பாக்கணும் லா. வாயாலயாவது சொல்லுவோம்."

தலையில் கைலியைச் சுற்றி, அவரை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றினாள். அவள் ஓட்டிய வேகத்தில் செம்பனை லோரிகளே ஓரம் ஒதுங்கின!

அலுவலகம்.

அதிகாரியின் மேசைமேல்... படம்!

எதிரே தோட்ட நிர்வாகத்தின் கணக்குப்பிள்ளை, கிராணி தங்கராஜு. சேதுவைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது.

"வழியில கெடந்துச்சு. பத்திரமா கொண்டாந்தேன்."

"எங்க, என் மண்டைக்குக் கீழயா?" என்றார் சேது.

புஷ்பவள்ளி குனிந்து பார்த்தாள். ரோட்டோரத் துண்டில் சேதுவின் பெயர் சுரண்டப்பட்டு, 'தங்கராஜு' என்றிருந்தது.

"துவான், இது சேதண்ணன் துண்டு."

அதிகாரி மலாயில் நிதானமாகப் பேசினார்.

"தோட்ட நிர்வாகத்தின் சாட்சி இல்லாத படத்தை நான் தொடவே மாட்டேன். நல்லவேளை, இவர் வந்தார். எல்லா எல்லையும் எல்லாக் கைரேகையும் உண்மை என்று சத்தியம் செய்தார். கையெழுத்தும் போட்டார், பெருவிரலும் வைத்தார். நாற்பது பேர் மனுவையும் ஏற்றுக்கொண்டேன்."

தங்கராஜு மீசையைத் தடவினார்.

"ஆனால்... பெயரைச் சுரண்டியவர் பக்கத்திலிருந்த ரேகையைச் சுரண்டவில்லையே!" என்றார் அதிகாரி.

மைப்பெட்டி சேதுவிடம் நகர்ந்தது. சேது விரலை வைத்தார்.

அச்சு அசல்!

தங்கராஜுவின் ரேகை? வேறு!

"துவான், நான் போட்ட கையெழுத்த... வாபஸ் வாங்கிக்கிறேன்."

அதிகாரி தலையசைத்து மறுத்தார். டெலிபோனை எடுத்து போலீஸ் நம்பரைச் சுழற்றினார்.

புஷ்பவள்ளி மைப்பெட்டியை மூடினாள்.

"நாங்க நாப்பது குடும்பம் கெஞ்சியிருந்தாலும் நீங்க சாட்சி சொல்லியிருக்க மாட்டீங்க. ரொம்ப நன்றி கிராணியாரே. விரலத் தொடைக்காதீங்க... போலீஸ்காரங்களுக்காவது மை மிச்சமாகட்டும்!"