கயிற்றடியில் இருந்தவள்

எடித் நீட்டிய தேத்தண்ணியை மகன் வலன்ரைன் வாங்கவில்லை. கதிரையில் சாத்தியிருந்த ஊன்றுகோலை எடுத்து, அதன் நுனியால் கோப்பையைத் தட்டிவிட்டான். சுடுதேத்தண்ணி அவளுடைய சட்டையின் முன்பக்கத்தில் கொட்டியது. கோப்பை சீமெந்துத் தரையில் விழுந்து சிதறியது.

"நான் உங்களிட்டைக் கேட்டனானே?" என்றான்.

எடித் குனிந்து கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். நெஞ்சில் பட்ட இடம் எரிந்தது.

"கேக்காதவனுக்கு ஏன் கொண்டு போறாய் எடித்?" குசினி வாசலில் நின்று கேட்டாள் பெற்றிசியா. எடித்தின் கணவன் கொன்ஸ்ரன்ரைனின் அக்கா, தன் புருசன் செத்தபிறகு இந்த வீட்டோடு வந்து இருப்பவள். "இருபது வயதுப் பிள்ளையின்ர காலைத் திண்டுபோட்டு... இப்ப தேத்தண்ணி குடுத்து ஆத்தப் போறியோ? நான் எண்டால் இந்த முகத்தை அவனுக்குக் காட்டமாட்டன்."

"விடுங்கோ மச்சாள்..."

"எதை விடுறது? போன காலை விடுறதோ?"

வலன்ரைனின் வலது கால் முழங்காலுக்கு மேல் இல்லை. மடித்துக் குத்தியிருந்த காற்சட்டைத் துணியை அவன் கையால் தடவிக்கொண்டிருந்தான். தாயின் பக்கம் திரும்பவில்லை. பதின்மூன்று மாதமாக அவன் அப்படித்தான்.

சண்டைக் காலத்தில் மன்னார் தாழ்வுபாட்டிலிருந்து இடம்பெயர்ந்த கொன்ஸ்ரன்ரைன், பெந்தோட்டையில் ஒரு ஹொட்டேலில் படகோட்டியாக வேலை செய்தவன். வெள்ளைக்காரரைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்கு மேல் இழுத்து ஓட்டிய கை அது. சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பும்போது, ஹொட்டேல்காரர் கழித்துவிட்ட ஒரு வேகப்படகையும் நாலு சோடிச் சறுக்குப் பலகைகளையும் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஊர் சிரித்தது. மீன்பிடிக்கிற கடலில் பலகை கட்டி ஓடுகிறதோ என்றது. அவன் பிள்ளைகள் இரண்டையும் கடலில் இறக்கினான். வாடைக் காலத்தில் தெற்குக் கடல் குளம்போலக் கிடக்கும். மூன்றே வருடத்தில் வலன்ரைன் தெற்கே ஒரு ஏரியில் வருடாவருடம் நடக்கும் சறுக்குப் போட்டியில் இரண்டாம் இடத்துக்கு வந்தான். பிறகு ஊர் சிரிக்கவில்லை.

வலன்ரைன் ஓடியது ஒற்றைப் பலகையில், சுழன்று வித்தை காட்டும் ஓட்டம். கயிற்றின் பிடியைக் கையால் பிடித்துச் சுழல்வது பாதி. பிடியில் உள்ள வாருக்குள் ஒரு பாதத்தை மாட்டி, காலாலேயே இழுபட்டுச் சுழல்வது மீதி. காலை மாட்டியவன் விழுந்தால் தானாகக் கழற்ற முடியாது. அதற்காகப் படகில் கயிறு பூட்டும் இடத்தில் ஒரு கொளுக்கி இருக்கும். கயிற்றடியில் ஒருவர் பின்பக்கம் பார்த்தபடி இருந்து, விழுந்த கணமே ஒரு சிறு நாணைச் சுண்டி இழுக்க வேண்டும். கொளுக்கி திறந்து கயிறு விட்டுப் போகும். அந்த இடத்தில் எப்போதும் எடித்தான் இருந்தாள். அன்றைக்கும் அவள்தான் இருந்தாள்.

அவன் விழுந்தான். கயிறு விடவில்லை. ஓட்டத்திலிருந்த படகு அவனை ஒற்றைக் காலில் இழுத்துக்கொண்டு போனது. முழங்கால் பின்புறமாகத் திரும்பி, உள்ளே இரத்தக் குழாய் அறுந்தது. மன்னாரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் கால் கறுத்துவிட்டது.

"அவள் பாக்கேல்லை. பராக்குப் பாத்துக்கொண்டு இருந்திட்டாள்," என்று கொன்ஸ்ரன்ரைன் எல்லாரிடமும் சொன்னான். எடித் மறுக்கவில்லை. கோயிலில் சனம் அவள் இருந்த வாங்கில் இருக்காமல் தள்ளிப் போய் இருந்தது. அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை.

இப்போது வலன்ரைனின் தங்கை அன்ரோனெற்றின் முறை. பதினெட்டு வயது. போட்டிக்கு மூன்று கிழமை இருந்தது. கோப்பைத் துண்டுகளை அள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போன தாயின் பின்னால் வந்து, அவள் காதோடு சொன்னாள்.

"அம்மா, அப்பாக்குச் சொல்லிப்போடாதையுங்கோ. கையால மட்டும் சுழலச் சொல்லித்தான் சொல்லியிருக்கிறார். நான் இண்டைக்குக் காலை மாட்டப் போறன். அண்ணா செய்த திருப்பம் எனக்கு வரும்... நாலுதரம் கரையில செய்து பாத்திட்டன்."

"கயித்தடியில ஆர் இருக்கிறது?"

"அண்ணா. அவர் நல்லாப் பாப்பார் அம்மா."

எடித்துக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அவன் கண் தப்பாது. அந்த நிம்மதி ஐந்து நிமிடம் நிலைக்கவில்லை. மகள் உள்ளே போனபிறகு பார்த்தால், கொல்லைக் கோடியில் கொன்ஸ்ரன்ரைன் வேலிக்கட்டைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். மெல்லிய கட்டுக்கம்பியில் ஒரு முழம் நறுக்கி, குறட்டோடு சேர்த்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான்.

எடித் வேலிப்பக்கம் நடந்தாள்.

"அந்தக் கம்பி எதுக்கு?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "உன்ர வேலையைப் பார்."

"கொளுக்கிக்கே? திருப்பியும் கொளுக்கியைக் கட்டப் போறியளே?"

"மெதுவாக் கதை." அவன் எழுந்து கிட்ட வந்தான். "கொளுக்கி தேஞ்சு போச்சு. ஓட்டத்துக்கு நடுவில தானாக் கழருது. புதுசு வரும் வரைக்கும்தான். பிள்ளை காலை மாட்டாள். கையால மட்டும்தான்."

"அவள் மாட்டப்போறாள். எனக்குச் சொன்னவள்."

"எனக்குத் தெரியாமல் அவள் ஒண்டும் செய்யாள்."

"உங்கட காலிலை விழுறன்... ஒரு பிள்ளையைக் குடுத்தாச்சு. பதின்மூண்டு மாசம் நான் வாய் திறந்தனானே? இந்த ஒண்டைக் கேளுங்கோ..."

அவன் அறைந்தான். அவள் வேலியில் போய் விழுந்தாள். எழும்ப முதலே கூந்தலைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துத் தள்ளி, கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டான்.

"அக்கா, நான் வரும் வரைக்கும் திறக்காதை. இவளுக்கு விசர். பிள்ளையின்ர ஓட்டத்தையும் குழப்பப் பாக்கிறாள்."

எடித் கதவில் அடித்தாள். "மச்சாள், திறவுங்கோ... உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஒரு பிள்ளையை முடமாக்கினது காணாதோ? சும்மா இரு," என்றது பெற்றிசியாவின் குரல்.

முற்றத்தில் ட்ரக்டர் இரைந்து, படகை இழுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போவது கேட்டது. எடித் சுற்றிப் பார்த்தாள். அடுப்படியில் விறகு கொத்தும் கோடாலி கிடந்தது. எடுத்துக் கதவில் போட்டாள். முதல் வெட்டுக்குப் பலகை பிளந்தது. மூன்றாவது வெட்டில் கோடாலி மறுபக்கம் வந்தது. பெற்றிசியா அலறிக்கொண்டு விலகினாள். உடைந்த பலகையை உதைத்துத் தள்ளி, கை கிழிய வெளியே வந்த எடித், கோடாலியையும் பிடித்தபடி ஓடினாள். "ஐயோ, என்ர தம்பியின்ர உயிரை எடுக்கப் போறாள்" என்று கத்திக்கொண்டு பெற்றிசியா பின்னால் ஓடினாள்.

கரையில் படகு முழங்கால் தண்ணீரில் நின்று இரைந்துகொண்டிருந்தது. சுக்கானில் கொன்ஸ்ரன்ரைன். கயிற்றடியில் நாணைப் பிடித்து, பின்பக்கம் தங்கையைப் பார்த்தபடி வலன்ரைன். அப்பால், இடுப்பளவு தண்ணீரில், பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு அன்ரோனெற் கையை உயர்த்தினாள். படகு முன்னேறியது. தண்ணீரில் தொங்கிய கயிறு மெல்ல நிமிர்ந்தது.

எடித் தண்ணீருக்குள் பாய்ந்து, விறைத்த கயிற்றைப் படகின் விளிம்பில் வைத்து ஓங்கி வெட்டினாள். கயிறு தெறித்தது. கோடாலி படகின் பைபர் உடலில் இறங்கி அப்படியே நின்றது.

கொன்ஸ்ரன்ரைன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் குதித்தான். அவளைப் பிடரியில் பிடித்துத் தண்ணீருக்குள் அமத்தினான். மூக்கிலும் வாயிலும் உப்புத்தண்ணீர் ஏறியது. அவன் தூக்கினான், திரும்ப அமத்தினான். "அப்பா, விடுங்கோ, அம்மா சாகப்போறா," என்று பலகையை உதறிவிட்டு ஓடிவந்த அன்ரோனெற் தகப்பனின் கையைக் கடித்தாள். பிடி தளர்ந்தது.

"விசரி... இவவைக் கட்டிப்போட வேணும்," என்றான் வலன்ரைன் படகிலிருந்து.

எடித் இருமி இருமித் தண்ணீரைத் துப்பினாள். மகனை நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பி... உன்ர கையில இருக்கிற நாணை இழு."

"ஏன்?"

"ஒருக்கா இழு ராசா. கயிறுதான் அறுந்து கிடக்குதே. இழுத்துப் பார்."

அவன் அலட்சியமாக இழுத்தான். கொளுக்கி அசையவில்லை. முகம் மாறியது. இரண்டு கையாலும், இருந்த இடத்திலிருந்து எழும்பும் அளவுக்கு இழுத்தான். நாண் அவன் உள்ளங்கையை அறுத்தது. கொளுக்கி திறக்கவில்லை. குனிந்து பார்த்தான். கட்டுக்கம்பி ஐந்து சுற்று இறுக்கிச் சுற்றி, குறட்டால் முறுக்கி விட்டிருந்தது.

வலன்ரைன் நிமிர்ந்து தகப்பனைப் பார்த்தான்.

"இது ஆர் கட்டினது?" என்று கேட்டான். "அப்பா, உங்களைத்தான் கேக்கிறன்."

கொன்ஸ்ரன்ரைன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்டைக்கும் இது கட்டியிருந்ததோ?"

எடித் தன் வலது உள்ளங்கையை மற்றக் கையால் பொத்தினாள். அன்ரோனெற் அதைப் பிடித்து விரித்தாள். கைக்குக் குறுக்கே வெள்ளையாய் ஒரு தடித்த தழும்பு. வலன்ரைன் அதையும் தன் கையில் கசிந்த இரத்தத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான் இழுபட்டுக் கிடக்க நீங்கள் படகில என்ன செய்தனீங்கள், அப்பா?"

"குறட்டால... வெட்டினனான்," என்றான் கொன்ஸ்ரன்ரைன். "உன்னட்டை வர முதல் கம்பியைக் கடலுக்குள்ள எறிஞ்சனான்."

வலன்ரைன் படகிலிருந்து விழுந்தே இறங்கினான். ஒற்றைக் காலில் எழுந்து, படகில் ஒரு கையை ஊன்றி, மறுகையால் ஊன்றுகோலைத் தலைக்கு மேல் தூக்கினான். கொன்ஸ்ரன்ரைன் விலகவில்லை. மண்டையை நோக்கித்தான் அது இறங்கியது. இடையில் எடித் போய் நின்றாள். இடது கையை உயர்த்தி ஏந்தினாள். எலும்பு முறிந்த சத்தம் கரையில் நின்ற பெற்றிசியாவுக்கும் கேட்டது.

அன்று பின்னேரம் மன்னார் ஆஸ்பத்திரியில், மாவுக்கட்டோடு கிடந்த எடித்தின் கட்டிலைச் சுற்றி நால்வரும் நின்றார்கள். ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரர் புத்தகத்தை விரித்தார்.

"ஆரம்மா அடிச்சது?"

"நான்தான் சேர்," என்றான் கொன்ஸ்ரன்ரைன். "நான் அடிச்சனான். எழுதுங்கோ."

"அவர் பொய் சொல்லுறார். அடிச்சது நான்," என்றான் வலன்ரைன்.

"ஒருத்தரும் அடிக்கேல்லை சேர், படகில இருந்து விழுந்தவ," என்றாள் பெற்றிசியா அழுகையினூடே.

எடித் தலையணையில் தலையை நிமிர்த்தினாள்.

"இந்தக் குடும்பத்தில இனி ஒருத்தர் ஒருத்தருக்காகப் பொய் சொல்லத் தேவையில்லை. நான் மறைச்சது காணும். சேர், மகன் தகப்பனை அடிக்க ஓங்கினவன். நான் குறுக்க போனனான். தகப்பன் என்னைத் தண்ணிக்குள்ள அமத்தினவர். நடந்தது இதுதான். எழுதுங்கோ. வழக்கு எனக்கு வேண்டாம்."

அவர் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கொன்ஸ்ரன்ரைன் கட்டில் காலடியில் முழந்தாளிட்டான். அவள் பாதத்தைத் தொட வந்த கையைக் கண்டு எடித் காலை இழுத்துக்கொண்டாள்.

"எழும்புங்கோ. நீங்கள் வீட்டை வரவேண்டாம். கரையில மீன்வாடிக் குடிசை இருக்கு, அங்கை இருங்கோ."

"எவ்வளவு காலத்துக்கு எடித்?"

"எனக்குத் தெரியாது. கால் போனவன் அவன். அவன் எண்டைக்கு உங்களைக் கூப்பிடுறானோ, அண்டைக்கு வாங்கோ. நான் கூப்பிட மாட்டன்."

அவன் மகனைப் பார்த்தான். மகன் பார்க்கவில்லை. கொன்ஸ்ரன்ரைன் தளர்ந்து எழுந்து, விறாந்தை வழியே போனான். பெற்றிசியா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு எடித்தின் காலடியில் நின்றாள்.

"நான் சொன்ன சொல்லெல்லாம்..."

"சோறு காய்ச்சுங்கோ மச்சாள். பிள்ளையள் காலையில இருந்து சாப்பிடேல்லை."

பெற்றிசியா அன்ரோனெற்றின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். வலன்ரைன் மட்டும் நின்றான்.

"ஏனம்மா?" என்றான். "நான் உங்களை என்னெல்லாம் செய்தனான்... ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்..."

"சொல்லியிருந்தால் நீ அண்டைக்கே அவரைக் கொலை செய்திருப்பாய். கால் இல்லாத மகனை நான் பாத்துக்கொள்ளுவன். தகப்பனைக் கொண்ட மகனை எந்த மறியல் கம்பிக்கு வெளியில நிண்டு பாக்கிறது, ராசா..."

அவன் ஊன்றுகோலை விட்டான். அது தரையில் விழுந்தது. கட்டில் விளிம்பைப் பிடித்துச் சரிந்து, தாயின் முறியாத கைக்குள் முகத்தைப் புதைத்தான். அவன் முதுகு குலுங்கியது. எடித் அவன் தலைமயிருக்குள் விரல்களை விட்டு, பதின்மூன்று மாதத்துக்கும் சேர்த்து அழுதாள்.

பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது என்று தாதி வந்து சொன்னாள். அவன் எழும்பவில்லை. எடித்தும் அவனை எழுப்பவில்லை.