அம்மாவின் தடித்த எழுத்து

என் அம்மா எழுத்து வரைகிறவர். கதை இல்லை, கட்டுரை இல்லை, எழுத்து! 'அ' எங்கே வளைய வேண்டும், 'க' எவ்வளவு குண்டாக இருக்க வேண்டும் என்று கணினியில் வரைவதுதான் அவருடைய வேலை.

இந்த முறை வரைந்தது நல்ல தடித்த எழுத்து. ஒவ்வொரு கோடும் இடுப்பில் கொஞ்சம் ஒடுங்கி, நுனியில் அகலமாக விரியும். ரொட்டிக்கடைப் பெயர்ப்பலகையில் அதை ஏற்றியதும், எங்கள் மாடியிலிருந்தே படிக்க முடிந்தது. கடைக்கார மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"இனிமே பை, டப்பா, லேபிள் எல்லாத்துலயும் இந்த எழுத்துதான்!" என்றார்.

"லேபிள்ல ரொம்பப் பொடியா வருமே..." என்று அம்மா இழுத்தார். மாமா காதில் வாங்கவே இல்லை.

பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் ஒட்டும் மாதிரி லேபிள்கள் வந்தன. மாமா சரி என்றால் அன்று மாலையே இரண்டாயிரம் அச்சாகிவிடும்.

நான் அணிலோடு கடைக்குப் போனேன். அணில் என் வகுப்புத் தோழன். முன்பல் நீளம், அதனால் அந்தப் பெயர். ஆனால் இந்த அணில் கடலையைத் தொடக்கூடாது. தின்றால் உதடு வீங்கும், மூச்சு முட்டும். ஒரு தடவை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அப்பப்பா!

அணில் ஒரு லேபிளை மூக்கருகே பிடித்தான். "இதுல கடலை இருக்கா? ஒண்ணுமே தெரியல. எறும்புக் கூட்டம் மாதிரி இருக்கு."

எட்டிப் பார்த்தேன். பலகையில் அழகாக விரிந்த நுனிகள் இங்கே ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எழுத்துக்குள் இருந்த வெள்ளையெல்லாம் அடைத்துப்போயிருந்தது.

வாயைத் திறந்தால் அம்மாவின் எழுத்தையே குறை சொன்னதுபோல் ஆகும். திறக்காவிட்டால் அணில் என்ன ஆவான்?

"மாமா, இதைப் படிக்கவே முடியல."

"யார் சொன்னா? குடு!" மாமா வாங்கிக் கணீரென்று படித்தார். "கோதுமை மாவு, வெண்ணெய், சர்க்கரை, உப்பு. போதுமா?"

ஆனால் அவர் கண் லேபிளில் இல்லை, கூரையில் இருந்தது!

மேசையில் இரண்டு லேபிள் கட்டுகள் இருந்தன. மேலே, எது எந்த பிஸ்கட்டுக்கு என்று பென்சிலில் எழுதிய சீட்டுகள். இரண்டாவது கட்டிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினேன். "இன்னொரு தடவை படிங்க மாமா."

"கோதுமை மாவு, வெண்ணெய், சர்க்கரை, உப்பு!"

"மாமா, இது கடலை பிஸ்கட் லேபிள்."

மாமா கண்ணாடியைப் போட்டார். லேபிளைக் கிட்டே வைத்தார், எட்ட வைத்தார். பிறகு அணிலைப் பார்த்தார். "ஐயையோ!" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

உடனே அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா வந்து லேபிளைப் பார்த்தார். கோபமே இல்லை. "அன்னைக்கே நான் அடிச்சுச் சொல்லியிருக்கணும்," என்றார்.

"அம்மா, மத்ததை எல்லாம் மெல்லிசு எழுத்துல போடலாம். 'கடலை உள்ளது'ன்னு மட்டும் உன் எழுத்துல பெரிசாப் போடு. பாக்கெட்டுக்கு முன்னாடி!"

அம்மா என் கன்னத்தைக் கிள்ளினார். மாமா பலமாகத் தலையாட்டினார்.

அடுத்த வாரம் அணில் கடை வாசலில் நின்றபடியே, "கடலை உள்ளது!" என்று சத்தமாகப் படித்தான். பிறகு உள்ளே போய், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், அந்த வரி இல்லாத பாக்கெட்டாகப் பார்த்துத் தானே எடுத்துக்கொண்டான்.