கடைசிச் சொட்டு வரை...!

"நிறுத்துங்கடா...! என் தம்பி சாகுறான்...!"

அக்கா அலறியது அவள் காதுக்கே கேட்கவில்லை.

மேடையில் சுவர் உயரத்துக்கு ஸ்பீக்கர்கள். எதிரே, வெயிலில் வெந்துகொண்டிருந்த மைதானம் முழுக்கக் கறுப்புச் சட்டைகள்.

நடுமேடையில் மல்லாந்து கிடந்தான் மிருகம்.

மிருகம் என்பது ரசிகர்கள் வைத்த பெயர். அம்மா வைத்த பெயரைச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும் என்பதால், அக்கா 'டேய்' என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

வாயில் நுரை. முகம் தக்காளிச் சிவப்பு. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. கையில் காலி விஸ்கி பாட்டில்.

கூட்டம்...?

கை தட்டியது!

தட்டாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு கச்சேரியிலும் கடைசிப் பாட்டுக்கு முன்னால் மிருகம் ஒரு முழு பாட்டிலை வாயில் கவிழ்ப்பான். "சொட்டு! சொட்டு!" என்று மைதானமே கத்தும். கடைசிச் சொட்டையும் நாக்கில் விட்டுக்கொண்டு, வெட்டிய மரம் போலச் சாய்வான். துடிப்பான். பிறகு எழுந்து பாடுவான்.

இன்றைக்குத் துடிப்பு பிரமாதம் என்று முன்வரிசையில் ஒருவன் விசிலே அடித்தான்.

அக்கா மேடைக்கு ஓடினாள். தடித்த காவலாளி ஒருவன் மறித்தான்.

"ஷோ நடக்குதும்மா! ஓரமா நில்லுங்க!"

"ஷோ இல்லடா... சாவுடா அது!"

"எப்பவும் இப்படித்தாம்மா விழுவாரு!"

அக்கா அவன் கையைக் கடித்தாள்.

நல்ல பல். வழி கிடைத்தது.

*

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசல்.

அக்கா காலையிலிருந்து சளிக்காக வைத்திருந்த கைக்குட்டை, இப்போது அழுகைக்கும் சேர்த்து உழைத்தது.

டாக்டர் வெளியே வந்தார்.

"குடியை நிறுத்த மாத்திரை சாப்பிடுறவரு இவரு. அதுக்கு மேல ஒரு மடக்கு குடிச்சாலே ஆபத்து. இவரு ஒரு பாட்டிலையே குடிச்சிருக்காரு! ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போயிடுச்சு. பொழுது சாயற வரைக்கும் தாங்கினா... பார்க்கலாம்."

"தாங்கலேன்னா...?"

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். அதில் தூசியே இல்லை.

அவர் போனதும் இன்ஸ்பெக்டர் நெருங்கினார். மைதானத்திலிருந்து நேராக வந்த பெண்மணி. காதில் வைத்த பஞ்சு அப்படியே இருந்தது.

"மாத்திரையை யாரும்மா குடுக்கறது?"

"நான்தான் மேடம். தினம் காலையில, என் கையால."

"பாட்டில்ல ஊத்தறது?"

"அதுவும் நான்தான். ஆனா அது விஸ்கி இல்ல மேடம்... டீ! பால் விடாத டீ!"

இன்ஸ்பெக்டர் பஞ்சை எடுத்தார்.

"என்னது? திருப்பிச் சொல்லுங்க."

சொன்னாள்.

ஒரு காலத்தில் மிருகம் நிஜமாகவே குடித்தான். காரை நீச்சல் குளத்தில் மூழ்கடித்தான். கல்யாணத்தை அதற்கு முன்பே மூழ்கடித்திருந்தான். ஹோட்டல் ஜன்னல் வழியாக டிவியை வீசினான். கடைசியில் கல்லீரல் கையை விரித்தபோதுதான் அக்கா பெட்டியோடு வந்து இறங்கினாள். குடி நின்றது.

ஆனால் குடிக்காத மிருகத்தைப் பார்க்க எவன் வருவான்?

அதனால்தான் பாட்டிலில் டீ. இப்போது ஜன்னல் வழியே பறக்கும் டிவிகூட, மேனேஜர் பழைய சாமான் கடையில் பொறுக்கிக்கொண்டு வருவது.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு, அவனுக்கு, மேனேஜருக்கு. கூட வாசிக்கிறவங்களுக்குக்கூட சொல்லல."

"இன்னைக்கும் நீங்கதான் ஊத்தினீங்களா?"

"நான்தான். கெட்டில் கருகி, நேரமாகி... ஒரு வழியா ஊத்தி, பெட்டியில வச்சுப் பூட்டினேன். மேடை ஏறும்போது அவன் கையில குடுத்தேன்."

"சாவி?"

கழுத்திலிருந்த கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். "இன்னொண்ணு மேனேஜர்கிட்ட..."

சொல்லும்போதே அவள் கண்கள் விரிந்தன.

"அவன்தான் மேடம்! 'உயிரோட இருக்கிற பாடகனைவிட செத்துப்போன பாடகனுக்குத்தான் மவுசு'ன்னு போன வாரம்கூட சொன்னான்!"

பெஞ்சில் ரெண்டு காதிலும் ரெண்டு போனோடு உட்கார்ந்திருந்த மேனேஜர் துள்ளி எழுந்தான்.

"ஐயோ, அது ஜோக்கு மேடம்! இந்தம்மா இன்னைக்கு என்ன சொன்னாங்கன்னு கேளுங்க! 'ஒரே ஒரு மடக்குக்கா, நிஜ சரக்கு குடுக்கா'ன்னு தம்பி கால்ல விழுந்து கெஞ்சினாரு. 'குடி! குடிச்சே செத்துத் தொலை!'ன்னு கத்தினாங்க! நான் என் காதாலயே கேட்டேன்!"

இன்ஸ்பெக்டர் அக்காவைப் பார்த்தார். பார்வையில் இருந்த ஈரம் காய்ந்திருந்தது.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்... வாய்தானே மேடம்! சின்ன வயசுலருந்து சொல்றதுதான். என்னைக்கு என் பேச்சைக் கேட்டிருக்கான் அவன்...?"

உள்ளே ஏதோ இயந்திரம் வீறிட்டது. ரெண்டு நர்ஸுகள் ஓடினார்கள்.

அக்கா கதவின் வட்டக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டாள். தம்பியின் நெஞ்சில் யாரோ ஓங்கி ஓங்கி அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு காலில் மட்டும் பூட்ஸ். அதைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. அந்த பூட்ஸ் அவனுக்குக் கடிக்கும். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"டேய்... போயிடாதடா...!"

கண்ணாடி அவள் மூச்சில் மங்கியது. துடைத்தாள். மறுபடி மங்கியது.

"இப்படி உட்காருங்கம்மா" என்ற இன்ஸ்பெக்டர், தொண்டையைச் செருமிக்கொண்டு மூலையில் பார்த்தார். தரையில் டிரம்மர் குந்தியிருந்தான். பட்டப்பெயர் சாமியார். எல்லோரும் குடித்த காலத்திலேயே குடியை விட்டவன். பள்ளிக்கூடங்களில் போய் மதுவின் தீமை பற்றிப் பேசுபவன். மடியில் குழந்தை மாதிரி ஒரு பெரிய எவர்சில்வர் ஃப்ளாஸ்க்.

"சார், அது டீயா? ஒரு வாய் குடுங்களேன். தொண்டை வறளுது."

சாமியார் ஃப்ளாஸ்க்கை இறுக்கிக்கொண்டான்.

"இது... ஆறிப்போச்சு மேடம்."

அக்கா மெதுவாகத் திரும்பினாள்.

"ஆறிப்போச்சா...? மத்தியானமும் ஜில்லுன்னுதானே இருந்துச்சு...?"

"எ... என்னக்கா சொல்றீங்க?"

"என் கெட்டில் கருகிப்போச்சு. நீ மேடையில டிரம்மைத் தட்டிப் பார்த்துட்டு இருந்த. அவசரத்துக்கு உன் ஃப்ளாஸ்க்லருந்துதான் பாட்டில்ல ஊத்தினேன். மட்டமான ஃப்ளாஸ்க், சூடே நிக்கலைன்னு நெனச்சேன்... அது டீதானேடா? சொல்லுடா... டீதானே?"

இன்ஸ்பெக்டர் பாய்ந்து பிடுங்கினார். மூடியைத் திருகினார்.

நாலு அடி தள்ளி நின்ற மேனேஜருக்கே நெடி மூக்கில் ஏறியது. மூக்கடைத்த அக்காவுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

சாமியார் உடைந்தான்.

"என்னால விட முடியலக்கா...! ஒரு தடவை வாசம் வந்தாலும் பொண்ணைத் தூக்கிட்டுப் போயிடுவேன்னு என் பொண்டாட்டி சொல்லியிருக்கா. பெப்பர்மின்ட்டை மென்னுக்கிட்டே ஓட்டிட்டு இருந்தேன். ஃப்ளாஸ்க் பாதியா இருந்தப்பவே பக்குன்னுச்சு... வாயைத் திறக்க தைரியம் வரலக்கா!"

குடிகாரன் பாட்டிலில் டீ குடித்தான். சாமியார் ஃப்ளாஸ்க்கில் விஸ்கி குடித்தான். நடுவில் மாட்டியது ஒரு சளி.

அக்கா ரெண்டு கைகளையும் நீட்டினாள்.

"விலங்கு போடுங்க மேடம். நான்தான் ஊத்தினேன். என் கையாலயே ஊத்தினேன்..."

"கையை இறக்குங்கம்மா. மூக்கடைப்புக்கு எந்தச் சட்டத்துல கேஸ் போடறது?"

கதவு திறந்தது. நர்ஸ்.

"கண்ணு முழிச்சிட்டாரு! 'அக்கா, அக்கா'ன்னு ஒரே தொல்லை. யாரும்மா அக்கா?"

*

அக்கா முதலில் பூட்ஸைக் கழற்றினாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள்.

உலகத்தை அதிரவைத்த தொண்டை, காற்றுப் போன டயர் மாதிரி கரகரத்தது.

"அக்கா..."

"தெரியாம ஊத்திட்டேன்டா... சாமியாரோட ஃப்ளாஸ்க்டா அது... மூக்கு அடைச்சிருந்துச்சுடா..."

"ஓ...! தெரியாமயா?"

அந்த 'ஓ' அவளை உலுக்கியது.

"டேய்... எனக்குத்தான் மூக்கு இல்ல. உனக்கு நாக்குமா இல்ல? முதல் மடக்குலயே தெரிஞ்சிருக்குமே!"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன்டா துப்பல?"

மிருகம் கூரையைப் பார்த்தான். கண்ணுக்கு வரைந்த மை கன்னம் வரை வழிந்திருந்தது.

"நீ குடுத்த பாட்டிலாச்சேக்கா. வேணும்னுதான் நீ ஊத்தியிருக்கன்னு நெனச்சேன். கீழ எல்லாரும் 'சொட்டு சொட்டு'ன்னு கத்துறாங்க... நீயும் அவங்களோட சேர்ந்துட்ட மாதிரி இருந்துச்சு. நீயே கையை விட்டப்புறம் துப்பி என்ன ஆகப்போகுதுன்னு..."

பளார்!

நர்ஸ் தடுக்கவில்லை. அறைந்த கை அந்தக் கன்னத்திலேயே நின்றது.

மிருகம் அந்தக் கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு முனகினான்.

"எதுக்குக்கா அடிக்கிற...? பொறந்ததுலருந்து முதல் தடவையா நீ சொன்ன பேச்சைக் கேட்டிருக்கேன்...!"