புள்ளியோடு வந்தேன்

சுவிட்ச் எங்கே என்று அவன் தேடவில்லை.

முதல்தடவை காலெடுத்து வைக்கிற வீட்டில் யாராக இருந்தாலும் சுவரைக் கொஞ்சம் தடவத்தான் வேண்டியிருக்கும். அவனோ செருப்பைக் கழற்றிக்கொண்டே, பேச்சுவாக்கில், இடது கையைக் கனத்த திரைச்சீலைக்குப் பின்னால் விட்டான், மஞ்சள் விளக்கு எரிந்தது. மணி மூன்றுதான் ஆகியிருந்தது. ஆனால் மூடுபனி ஜன்னல்களில் ஈரத்துணிபோல ஒட்டிக்கிடந்ததால் கூடத்துக்குள் பகல் நுழையவில்லை. நனைந்த மரத்தின் வாசனை. அதற்கு அடியில், ஆஸ்பத்திரி வராந்தாவில் வருமே, அந்த லோஷன் வாசனை.

"எப்படிங்க சுவிட்ச் தெரிஞ்சுது?"

"போட்டோவுல பார்த்தேன். புக் பண்றப்போ போட்டிருந்தாங்கல்ல."

திரைக்குப் பின்னால் இருப்பது போட்டோவில் எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தாள். எட்டு மாதம் முடிந்த வயிறு, மூன்று மணி நேரக் கார்ப் பயணம். உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

சேர்ந்தாற்போல மூன்று நாள் விடுமுறை வருகிறது என்பதே நேற்றுச் சாயங்காலம்தான் இருவருக்கும் உறைத்தது. கடற்கரை என்றாள் அவள். "வெயில்ல வதங்கிடுவே." சரி, அக்கா வீடு? "அங்க போனா உனக்கா ரெஸ்ட்டு? உங்க அக்காவுக்குத்தான் ரெஸ்ட்டு. பசங்களை உன் தலையில கட்டிட்டு அவ தூங்கப் போயிடுவா." வயிறு குலுங்கச் சிரித்தாள். அப்போதுதான் ஃபோனை நீட்டினான்.

"இது திடீர்னு கண்ணுல பட்டுது பாரு. கடைசி நேரத்துல யாரோ கேன்சல் பண்ணியிருக்காங்க. குழந்தை வந்துட்டா அப்புறம் நாம ரெண்டு பேரா எங்க போறது, புள்ளி?"

புள்ளி. அவள் அச்சகத்தில் ப்ரூஃப் பார்ப்பவள். கடைக்கு நோட்டீஸ் அடிக்க வந்தவன் கடைசி வரியில் 'நண்றி' என்று எழுதியிருந்தான். சிவப்புப் பென்சிலால் அதைச் சுழித்து, விட்டுப்போன முற்றுப்புள்ளியையும் வைத்துக் கொடுத்தாள். "நீங்க வெச்ச புள்ளியில நான் விழுந்துட்டேங்க" என்று மறுநாளே வந்து நின்றான். அன்றைக்கு வைத்த பெயர். நன்றியை மட்டும் இன்றுவரை திருத்திக்கொள்ளவில்லை. கேட்டால், "அதைத் திருத்தத்தானே உன்னைக் கட்டிக்கிட்டேன்" என்பான்.

வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் சமையலறையிலிருந்து ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். இவள் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைத்தான் பார்த்தாள்.

"நல்லா இறங்கியிருக்கே. ஞாயித்துக்கிழமைதான்னு சொன்னியே தம்பி?"

"சும்மா இருங்கம்மா." அவன் குரலில் பழகிய சலிப்பு.

"டாக்டரம்மா இன்னும் நாலு வாரம்னு சொல்லியிருக்காங்க" என்றாள் இவள்.

"சொல்லுவாங்க, சொல்லுவாங்க" என்று அம்மாள் உள்ளே போனாள். பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பெரிய பாத்திரம். நிறையத் தண்ணீர்.

பெட்டியை எடுத்து வருவதாக அவன் வெளியே போனான். மேஜைமேல், தங்கிப் போகிறவர்கள் இரண்டு வரி எழுதிவைக்கும் நோட்டு ஒன்று கிடந்தது. எழுத்து என்று எதைக் கண்டாலும் அவள் கை சும்மா இருக்காது. பிரித்தாள். வெற்றுத் தாள், வெற்றுத் தாள், பிறகு நடுவில் ஒரே ஒரு பக்கம்.

'புள்ளியோடு வந்தேன். பிள்ளையோடு போகிறேன். நண்றி'

முதலில் சிரிப்புத்தான் வந்தது. திருடன், எப்போது எழுதினான்? பிறகு தேதியைப் பார்த்தாள்.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி.

அவர்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்.

அதன் கீழே அதே வாக்கியம், எட்டு வருஷத்துக்கு முந்தையது. அதற்கும் கீழே, நான்கு. அதே வலப்பக்கச் சாய்வு. அதே தப்பு. தன் பென்சில் சம்பாதித்துக் கொடுத்த பெயர் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள். முதல் குழந்தை என்றல்லவா, ரிப்போர்ட் வந்த அன்று, அவள் மடியில் முகம் புதைத்து அழுதான்.

ஒவ்வொரு 'நண்றி'க்குப் பின்னாலும் ஒரு முற்றுப்புள்ளி. மையில் வைத்ததல்ல. பழுப்பு நிறம், விரல்நுனி அளவு, உள்ளே மெல்லிய சுழி ரேகைகள். ப்ரூஃப் பார்க்கிற கண் ஏமாறாது. மூன்றும் வேறு வேறு விரல்கள்.

நான்காவது வரி. நீல மை, புத்தம்புதியது. தேதி, வரப்போகிற திங்கட்கிழமை.

அதில் மட்டும் புள்ளி இல்லை.

ஃபோன் பையில். பை காரில். வாசலில் தாழ்ப்பாள் விழும் சத்தம். அவன் வந்தான். கையில் பெட்டி இல்லை.

"படிச்சுட்டியா?" ஒளித்துவைத்த பரிசை முன்கூட்டியே பார்த்துவிட்டவளிடம் கேட்பதுபோலக் கேட்டான். "உன் கண்ணுல எதுவும் தப்பாதுன்னு தெரியும்."

"எத்தனை புள்ளிங்க?"

அவன் நோட்டை அவள் பக்கமாக நேராக்கி வைத்தான். 

"நான்தான்னு நினைச்சேனே. அந்தப் பேரு..."

"நீதாம்மா." எப்போதும்போல நெற்றி முடியை ஒதுக்கிவிட்டான். விரல்களில் அதே கனிவு. "இப்போ நீதான்."

இடுப்பில் முதல் வலி. நாலு வாரம் இருக்கிறது. இருக்க வேண்டும்.

"அந்த மூணு குழந்தைங்க எங்கே?"

"உக்காரு. நின்னா இன்னும் வலிக்கும்."

கொதிக்கும் தண்ணீரின் சத்தம். லோஷன் வாசனை நெருங்கியது. அம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கையைக் கொடும்மா."

"பிள்ளை வந்தப்புறம்தானே?" என்றான் அவன்.

"அளவு பார்க்கிறேன் தம்பி. போன தடவை வரி தாண்டிப் போச்சு."

இழுத்தாள். அம்மாளின் பிடி விடவில்லை. மறுபடி வலி. அவள் அவனைப் பார்த்தாள். அவன் நோட்டு நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அம்மாள் இவள் ஆள்காட்டி விரலைப் பிடித்துக் காலி இடத்தில் வைத்தாள். சரியாக இருந்தது.

கட்டைவிரல் முதல் வரியில் பட்டது. பதினோரு வருஷத்துப் புள்ளி.

ஈரம்.

வெதுவெதுப்பு.

விரலுக்கடியில் அது மெல்லத் துடித்தது.