பெருவிரல் கட்டு

பெட்டியிலிருந்து எடுத்த பேண்டேஜ் துணிக் கட்டு ஜில்லென்று இருந்தது.

ஜெயசித்ரா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வெளியே அக்கினி நட்சத்திரம் ராஜபாளையத்தை வறுத்துக்கொண்டிருந்தது. மொட்டைமாடிச் சூடு தளத்துக்குள் இறங்கி, மின்விசிறி அதையே வாரி முகத்தில் இறைத்தது. குடத்துத் தண்ணீர்கூட வெந்நீராகத்தான் இருந்தது. இந்தத் துணி மட்டும் மார்கழி விடியலில் கொடியிலிருந்து உருவியது போல இருந்தது. பெட்டியில் மோட்டாரும் கிடையாது. அவள் கண்ணெதிரில்தான் புருஷன் ஜெபக்குமார் அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தான்.

ஜெபக்குமாருக்குப் பஞ்சு மில்லில் எலக்ட்ரீஷியன் வேலை, நிரந்தரமாக நைட் ஷிஃப்ட். கெட்டுப்போன சாமான் எதையும் தூக்கி எறிய அவனுக்கு மனசு வராது. பழைய டி.வி.யின் வயிற்றைக் குடைந்து மகள் ஜூடியின் புத்தகங்களுக்கு அலமாரி செய்திருந்தான். ஓடாத வாஷிங் மெஷின் டிரம்முக்குள் அழுக்குத் துணி. கம்ப்யூட்டர் டப்பாவில் செருப்பு. மூச்சை விட்ட ஃப்ரிட்ஜ் ஒன்று பீரோவாகி, முட்டை வைக்கும் குழிகளில் ஜூடியின் கம்மலும் வளையலும் கிடந்தன. வருகிறவர்கள் எல்லாம் சிரித்துவிட்டுத்தான் உட்காருவார்கள். "அண்ணே, இந்த வீட்டுல மனுசன் செத்தாக்கூட ஸ்டூலா மாத்திருவீக போல" என்று பக்கத்து வீட்டுப் பாண்டிசெல்வி கேலி பண்ணுவாள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

இந்தப் பெட்டி வந்தது ஜெயசித்ராவுக்காக. சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் கம்பெனியிலிருந்து துணியை வாங்கி வந்து, நறுக்கி, மடித்து, கட்டுக் கட்டாக அடுக்கிக் கொடுப்பது அவள் வேலை. வீட்டில் எலித் தொல்லை. வெள்ளைத் துணியில் ஒரு பல்தடம் பட்டால் போதும், கட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்காக அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து லோடு ஆட்டோவில் ஆள் நீளத்துக்கு ஒரு பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். உள்ளே எவர்சில்வர் தகடு, விளிம்பைச் சுற்றி ரப்பர், மூடி முழுக்கக் கண்ணாடி. ஐஸ்கிரீம் கடைப் பெட்டி என்றான். கண்ணாடிக்கு மேல் பிளைவுட்டை வைத்துத் திருகாணி முடுக்கி, அதன்மேல் மெத்தையும் ரெக்சினும் போட்டு, பெட்டி முழுவதும் நீலப் பெயின்ட் அடித்தான். மேலே உட்காரலாம், உள்ளே சாமான் வைக்கலாம்.

"அந்தக் கண்ணாடிய எடுத்துரலாம்லங்க?" என்று அவள் அன்றைக்கே கேட்டாள்.

"எடுத்தா ரப்பர் பிடிக்காதுட்டி. இப்பப் பாரு, காத்தே போகாது. எலி எங்கன போகும்?"

எலி போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் மூடியைத் தூக்கும்போதெல்லாம் ஒரு வாசனை வந்தது. வாடின ரோஜாப்பூ, ஊதுபத்திச் சாம்பல், அதற்கும் அடியில் ஈரத் துணியைச் சுருட்டி மறந்துபோனது போல் ஒரு புளித்த நாற்றம். அவள் பினாயில் போட்டுத் துடைத்தாள். மறுநாள் பினாயில் வாசனை போய்விட்டது, பூ வாசனை இருந்தது.

அந்த வீட்டில் பகல்தான் ராத்திரி. காலையில் ஜெபக்குமார் வந்து உள்ளறையில் படுத்துவிட்டால் சன்னலுக்குக் கோணித் திரை, கதவுக்குத் தாழ்ப்பாள், மிக்சிக்கு ஓய்வு. ஜூடி நடக்கப் பழகும்போதே நுனிக்காலில் நடக்கப் பழகியவள். "அப்பா தூங்குறாங்க, மூச்சு விடப்படாது" என்று சொல்லிச் சொல்லி வளர்த்ததில், கீழே விழுந்து முழங்கால் பெயர்ந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் அழுவாள். கோடை விடுமுறை என்பதால் பாண்டிசெல்வி தன் மகள் நாச்சியாரையும் இங்கேதான் விட்டுவிட்டுப் பகல் ஷிஃப்டுக்குப் போனாள். இரண்டும் ஒரே வயது, ஒரே வகுப்பு. அந்த இருட்டுக்குள் இரண்டு பூனைக்குட்டிகள் போலச் சத்தமில்லாமல் விளையாடிக்கொண்டிருக்கும்.

துணி ஜில்லிட்டிருந்த அன்று, கட்டுகளுக்கு நடுவில் நறுக்கின துண்டு ஒன்று கிடந்தது. எட்டுப் போட்டது போல இரண்டு சின்ன வளையம், நடுவில் இறுக்கமாக ஒரு முடிச்சு. ஜெயசித்ரா மகளைக் கூப்பிட்டுக் காதைத் திருகினாள்.

"கம்பெனித் துணிய எடுத்து விளையாடாதன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்?"

"நான் எடுக்கலம்மா" என்று ஜூடி கிசுகிசுத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, சத்தம் மட்டும் வரவில்லை.

மறுநாளும் ஒன்று கிடந்தது. அதே எட்டு, அதே முடிச்சு. அதைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருக்கும்போதுதான் அவளுக்கு விளங்கியது. சாவு வீட்டுக்குப் போகாதவர் யார்? குளிப்பாட்டி, துணி மாற்றி, கால் இரண்டையும் சேர்த்து, விறைக்கும் முன்னே பெருவிரல்கள் இரண்டையும் ஒரு வெள்ளைத் துணியால் கட்டுவார்களே, அந்தக் கட்டு இது. முதுகுத்தண்டில் யாரோ ஈரக் கையை வைத்தது போல இருந்தது. துண்டை உதறப் போனாள். உதறவில்லை.

உள்ளறைக்குப் போனாள். ஜெபக்குமார் வாயைத் திறந்து மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். இருட்டில் அவன் பாதங்கள் மட்டும் போர்வைக்கு வெளியே நின்றன. அவள் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, வளையத்தை அவன் பெருவிரலில் மாட்டிப் பார்த்தாள். நகத்தைக்கூடத் தாண்டவில்லை. தன் விரலில் மாட்டினாள். பாதியிலேயே நின்றது. பிறகு கூடத்துக்கு வந்தாள். நாச்சியார் இன்னும் வந்திருக்கவில்லை; பாயில் ஜூடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தியது.

அதற்குப் பிறகு அவள் கை சும்மா இருக்கவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் நீலப் பெயின்ட் லேசாகப் பொருமியிருந்த இடத்தை நகத்தால் சுரண்டினாள். செதில் செதிலாக உதிர்ந்தது. அடியில் சிவப்பு எழுத்து. முதலில் 'வாக'. அப்புறம் 'நினைவாக'. இன்னும் சுரண்டினாள். 'காலஞ்சென்ற'. அதற்கு மேல் சுரண்ட அவளுக்குத் தெம்பில்லை. சாவு வீட்டு வாசலில், பந்தலுக்கு அடியில், சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை பிணத்தைப் போட்டு வைக்கும் பெட்டி. முகம் பார்ப்பதற்குத்தான் அந்தக் கண்ணாடி.

சாயங்காலம் அவன் எழுந்து காப்பி குடிக்கும்போது கேட்டாள். அவன் கொஞ்சம்கூடக் கூசவில்லை.

"ஆமா, பொணப் பெட்டிதான். சொன்னா நீ வாங்க விடுவியாக்கும்? செத்தவன் எவனாச்சும் எந்திரிச்சு வந்து எம் பெட்டிய எங்கன்னு கேக்கப்போறானா?"

"புள்ள கால் அளவுக்கு முடிச்சு கெடக்குங்க."

"ரெண்டு பொம்பளப் புள்ளைய வீட்டுல வச்சுக்கிட்டு முடிச்சு எங்கருந்து வந்துச்சுன்னு கேக்குற பாரு." அவன் சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டினான். "ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறு. வேற எதாச்சும் பண்ணுவோம்."

வண்டிச் சத்தம் தெரு முனையில் கரைந்ததும் அவள் பெட்டியைச் சேலையால் சுற்றி இறுக்கிக் கட்டினாள். ஜெபம் பண்ணினாள். ஜூடியை மாரோடு அணைத்துக்கொண்டு படுத்தாள். குழந்தையின் பாதங்கள் இரண்டும் ஐஸ்கட்டியாக இருந்தன; தேய்த்தாள், ஊதினாள், தன் வயிற்றில் வைத்து அழுத்தினாள், சூடேறவில்லை. விடிந்து பார்த்தபோது சேலை அவிழ்ந்து, நேர்த்தியாக மடிக்கப்பட்டு, மூடியின்மேல் இருந்தது. உள்ளே புதிதாக ஒரு பெருவிரல் கட்டு கிடந்தது.

"அக்கா, வாரேன். ஒங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று வழக்கம்போல் சொல்லிவிட்டு, பாண்டிசெல்வி நாச்சியாரை வாசலில் இறக்கிவிட்டுப் போனாள்.

நாச்சியார் செருப்பைக் கழற்றினாள். ஜெயசித்ராவின் கண் அந்தப் பாதங்களிலேயே நின்றது.

"இங்க வா தாயி. இந்த வெளையாட்ட எங்கூட வெளையாடு" என்று கூப்பிட்டு மடியில் உட்கார வைத்து, கால் பெருவிரல்களில் அந்தக் கட்டை மாட்டினாள். பொருந்தியது. ஜூடிக்கு எப்படியோ அப்படியே. நாச்சியாருக்குக் கிச்சுகிச்சு மூட்டியது போல இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஜெயசித்ராவுக்கு அந்த நிமிஷத்தில் ஒரு நிம்மதி வந்தது. வரக்கூடாத நிம்மதி. பெட்டிக்கு ஒரு குழந்தை வேண்டும். இன்ன குழந்தைதான் வேண்டும் என்று அது சொல்லவில்லையே. இப்படி நினைத்ததற்காக அவள் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். ஆனால் நினைப்பு போகவில்லை. சமைக்கும்போது இருந்தது. பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்து போடும்போதும் இருந்தது. நாச்சியாரின் தட்டில் ஒரு அப்பளம் கூடுதலாக வைத்தாள்.

உச்சிப்பொழுது. ஜெபக்குமாரின் குறட்டை உள்ளறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடின. வாசல் தூணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஜூடி கிசுகிசுப்பாக எண்ணினாள். அடுப்படி நிலையில் நின்றிருந்த ஜெயசித்ரா பார்த்துக்கொண்டே இருந்தாள். நாச்சியார் கூடத்துக்குள் ஓடி வந்தாள். சுற்றிலும் பார்த்தாள். நீலப் பெட்டியின் மூடியைத் தம் கட்டித் தூக்கி, துணிக் கட்டுகளின்மேல் ஏறி, உள்ளே சுருண்டாள். மூடி மெதுவாக இறங்கியது. ரப்பர் ஒட்டிக்கொண்டது.

கூப்பிட வேண்டும். ஒரே ஒரு சத்தம் போட்டால் போதும்.

அவள் திரும்பிப் புறவாசலுக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தம் காதை அடைக்கட்டும் என்று வாளிக்குப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வாளி நிறைந்தது, வழிந்தது, பாவாடை நனைந்தது. பாண்டிசெல்விக்கு என்ன சொல்வது என்று யோசித்தாள். பிள்ளைகள் விளையாடின, நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லையே பாவி! அழுவதுகூட எப்படி என்று யோசித்துவிட்டாள். குழாயை மூடினாள்.

கூடத்தில் யாரும் இல்லை. பெட்டி மூடியிருந்தது.

டொக்.

உள்ளேயிருந்துதான்.

டொக். டொக்.

இப்போதும் திறக்கலாம். அவள் பெட்டியிடம் போனாள். திறக்கத்தான் போனாள். மூடியின்மேல் உட்கார்ந்தாள்.

மெத்தைக்கு அடியில் நகங்கள் பிறாண்டின. மெல்ல. மரியாதையாக. அலறல் இல்லை. நாச்சியார் கத்தாதது நல்லதாகப் போயிற்று, கத்தியிருந்தால் அவர் எழுந்திருப்பார் என்று நினைத்தாள்.

"செத்த நேரந்தான்டா கண்ணு" என்று ரெக்சினைத் தடவிக்கொண்டே சொன்னாள். "செத்த நேரம் பொறுத்துக்கோ."

தட்டல் வேகமாயிற்று. பிறகு விட்டு விட்டு வந்தது. பிறகு ஒன்றே ஒன்று.

நின்றது.

அவள் தொடைக்குக் கீழே குளிர் ஏறியது. ம்ம்ம் என்று ஒரு இரைச்சல். கழற்றிப் போட்ட மோட்டார் ஓடுகிற சத்தம். ஓடட்டும். ஜூடி பிழைத்தாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், ஸ்தோத்திரம் சொன்னாள்.

வாசலில் நிழல் தட்டியது.

நாச்சியார் நின்றுகொண்டிருந்தாள். வெயிலில் ஓடி முகமெல்லாம் சிவந்திருந்தது. உள்ளே தூங்குகிறவருக்குப் பயந்து, கிட்டே வந்து கிசுகிசுத்தாள்.

"பெரியம்மா, ஜூடி எங்க? நான் பெட்டிக்குள்ள ஒளிஞ்சேனா, அவ ஒடனே கண்டுபிடிச்சுட்டா. பொறவு நான் எண்ணுனேன். தெரு பூராம் தேடிட்டேன், ஆளையே காணும்."

ஜூடி சத்தம் போட மாட்டாள். அப்பா தூங்கும்போது ஜூடி எதற்கும் சத்தம் போட மாட்டாள்.

பகலில் அந்த வீடு கேட்டறியாத ஒரு அலறல் எழுந்தது. ஜெபக்குமார் விழுந்தடித்து ஓடி வந்தான். ஜெயசித்ரா மூடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நகம் பெயர்ந்து ரத்தம் வழிந்தது. மூடி அசையவில்லை. ரப்பர் விளிம்பு முழுக்க வெள்ளையாக ஐஸ் பூத்திருந்தது.

"என்னங்க, புள்ள உள்ள இருக்கா! எம் புள்ள!"

அவன் மெத்தையைக் கிழித்தான். பிளைவுட்டுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். பலகை பிளந்தது. கண்ணாடி.

உள்பக்கம் முழுக்கப் பனி மூட்டம். நடுவில் ஒரு சின்ன உள்ளங்கை பதிந்திருந்தது.

அவன் கடப்பாரையை ஓங்கிப் போட்டான். கீறல்கூட விழவில்லை. இன்னொரு தரம் போட்டான்.

அந்தச் சின்ன உள்ளங்கைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கை வந்தது. சுருங்கிய, ஊறின, வெளுத்த கை. அவசரமில்லாமல், வட்ட வட்டமாக அது பனியைத் துடைத்தது. துடைத்த இடத்தில் ஜூடியின் முகம் தெரிந்தது. தாடையிலிருந்து உச்சந்தலைவரை வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அந்தக் கை திரும்பிப் போய், உச்சியில், இன்னொரு கையோடு சேர்ந்து முடிச்சை இறுக்கத் தொடங்கியது.

ஜூடியின் கண்கள் திறந்திருந்தன. அவை அம்மாவைப் பார்த்து இமைத்தன.